வாயைத் திறந்து காட்டுங்கம்மா

...இந்த வருஷம் நம்ம பார்மசி படிப்புல ஏஐ ஒரு பாடமா வந்தாச்சு. வந்ததுலேருந்து எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான். "ஐயா, இந்த மெஷினை நம்பலாமா, நம்பக் கூடாதா?" பதிலை அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்களை மாதிரியே பார்மசி படிச்ச ஒரு பொண்ணோட கதை... சின்னதுதான், கேளுங்க.

தெக்கே ஒரு கல்லூரி. அங்க ஏஐ பாடம் எடுத்தவங்க பேரு மரகதவல்லி மேடம். பிள்ளைங்க மெஷின் சொல்றதை எல்லாம் வேதவாக்கா எடுத்துக்குவாங்களோன்னு அவங்களுக்கு ஒரே கவலை. நியாயமான கவலைதானே? அதனால என்ன செஞ்சாங்க... மெஷின் தப்பாச் சொன்ன பதிலாத் தேடித் தேடி எடுத்து, வகுப்புல திரையில போட்டாங்க.

"எங்க தப்பு? கண்டுபிடிங்க!"

ஒரு பதில்ல, உலகத்துலயே இல்லாத மருந்துக்கு மெஷின் பேரு வச்சிருக்கும். இன்னொண்ணுல, கைக்குழந்தைக்குப் பெரியவங்க அளவைச் சொல்லியிருக்கும். ஜோவன்னு ஒரு பையன், அவன்தான் எப்பவும் முதல்ல எந்திரிப்பான். "மேடம், இது சரியான டுபாக்கூர் மேடம்!" வகுப்பே சிரிக்கும். மேடமும் சிரிப்பாங்க.

சிரிச்சுச் சிரிச்சு என்ன ஆச்சு? மெஷின்னாலே டுபாக்கூர்னு பிள்ளைங்க மனசுல பதிஞ்சு போச்சு.

அடுத்து ஆஸ்பத்திரிப் பயிற்சி. மருந்து கொடுக்குற கவுன்டர்ல ஜோவனும், அவன்கூடப் படிக்கிற இசக்கிராணியும் நிக்கிறாங்க. வர்றவங்க ஏற்கெனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேக்கணும், மெஷின்ல போடணும், அது சொல்றதைப் பாக்கணும். அதுதான் வேலை.

ஒரு அம்மா வந்தாங்க. மரியபுஷ்பம்னு பேரு. நீர்க்கடுப்புக்கு டாக்டர் ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கார்.

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களாம்மா?"

"மூட்டு வாதத்துக்கு வாரம் ஒருக்கா ஒண்ணு போடுதேன். அது வேற டாக்டரு எழுதினது. இவருகிட்ட அதைச் சொல்லல."

பையிலேருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுறாங்க. இசக்கிராணி பேரைப் பாத்து மெஷின்ல போடுறா. திரையில சிவப்பா வருது... 'ரெண்டையும் சேர்த்துக் கொடுக்காதீங்க. ரத்த அணு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.'

ஜோவன் எட்டிப் பாத்தான். சிரிச்சான்.

"ஆரம்பிச்சிடுச்சா இது? போன வாரம் இல்லாத மருந்தையே சொல்லிச்சு. பின்னால பாரு, எம்புட்டுப் பேரு நிக்காங்க!"

சொல்லிக்கிட்டே மாத்திரையைக் கவர்ல போட்டான். அந்தம்மா கையில கொடுத்துட்டான்!

இசக்கிராணி என்ன செஞ்சிருப்பா? 'மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு நெனச்சாளா? இல்ல. 'ஜோவன் சொல்றதுதான் சரி'ன்னு விட்டாளா? அதுவும் இல்ல.

"அம்மா, ஒரு நிமிஷம் இருங்க"ன்னு கவரைத் திரும்ப வாங்கினா. உள்ள போயி மருந்துப் புத்தகத்தை எடுத்துப் பாத்தா. அதுலயும் அதேதான் போட்டிருக்கு... ரத்த அணு குறைஞ்சா வாய்ப்புண் வரும், அது இருக்கான்னு பாருங்கன்னும் போட்டிருக்கு. திரும்பி வந்தா.

"வாயைத் திறந்து காட்டுங்கம்மா."

"அதை ஏன் கேக்க... உள்ள பூரா புண்ணு தாயி. சோறு தின்ன முடியல. சூடுன்னுல்லா நெனச்சேன்!"

அவ்வளவுதான். அந்தம்மாவைக் கையோட கூட்டிக்கிட்டு டாக்டர் ரூமுக்குப் போயிட்டா. வெளிய கூட்டம் நெருக்குது. டாக்டர் நிமிந்து பாத்தார்.

"என்னம்மா, மெஷின் சொல்லிச்சா?"

இசக்கிராணி மூணாம் வருஷப் பொண்ணு... எதிர்ல அத்தனை அனுபவமுள்ள டாக்டர். ஆனாலும் சொன்னா.

"மெஷின் சொல்லிச்சு சார். புத்தகத்துலயும் பாத்துட்டேன். இவங்க வாயையும் பாத்துட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழ வச்சார். டார்ச் எடுத்து அந்தம்மா வாயைப் பாத்தார். ஆன்டிபயாட்டிக்கை அடிச்சிட்டு வேற எழுதினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் ரிசல்ட் வருது... வெள்ளை அணு ஏற்கெனவே குறைஞ்சு கிடக்கு! மூட்டு மாத்திரையையும் நிறுத்தி, வார்டுல சேத்தாங்க.

"இதுக்கு மேல அந்த ஆன்டிபயாட்டிக்கும் உள்ள போயிருந்தா... சாதாரணக் காய்ச்சல் வந்தாக்கூடத் தாங்கியிருக்க மாட்டாங்க"ன்னார் டாக்டர்.

அந்தம்மா தேறி வீட்டுக்குக் கிளம்புறப்போ ஜோவன் போய்ப் பாத்தான். அவங்களுக்கு விவரம் ஒண்ணும் தெரியாது. "நல்லாப் படி ராசா"ன்னு தலையில கை வச்சாங்க. பையனால அங்க நிக்க முடியல. நேரா மேடம்கிட்ட வந்தான்.

"மேடம், நான் கையில கொடுத்துட்டேன் மேடம்... இசக்கிதான் திரும்ப வாங்கினா."

மேடம் அவனைத் திட்டல. பக்கத்துல உக்கார வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க... "உன்னை மட்டும் சொல்லி என்னப்பா? தப்பை மட்டுமே காட்டிக் காட்டி உங்களைச் சிரிக்கப் பழக்கினது நான்தானே."

மறுநாள் வகுப்புல பாடமே மாறிடுச்சு. சரியான பதிலும் வந்துச்சு, தப்பான பதிலும் வந்துச்சு. எது எதுன்னு மேடம் சொல்லல. கேள்வி ஒண்ணுதான்: "இது சரியா, தப்பா... எதை வச்சுச் சொல்றே?"

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். மெஷினை நம்பலாமா, நம்பக் கூடாதா?

பிள்ளைகளா... நம்புறது சுலபம். சந்தேகப்படுறதும் சுலபம். ரெண்டையும் உக்காந்த இடத்துலயே செஞ்சுடலாம்! ஜோவன் முட்டாள் இல்ல. மெஷின் தப்புப் பண்ணும்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சதே போதும்னு இருந்துட்டான். இசக்கிராணிக்கு மட்டும் என்ன, முன்கூட்டியே தெரியுமா? அவளுக்கும் தெரியாது. தெரியாததால போய்ப் பாத்தா.

நாளைக்கு நீங்களும் ஒரு கவுன்டர்ல நிப்பீங்க. மெஷின் சரியாவும் சொல்லும், தப்பாவும் சொல்லும். ஆனா மருந்து மெஷின் கையிலேருந்து போகாது... உங்க கையிலேருந்துதான் போகும். கொடுக்குறதுக்கு முன்னாடி, எதிர்ல நிக்கிற மனுஷனை ஒரு தடவை பாத்துட்டுக் கொடுங்க.