மேப்பில் இல்லாத சுடுகாடு

விழுப்புரம் போக வேண்டிய நான், பலகையைப் படிக்காமல் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வாசிப்பின் அவசியம் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவன் நான்.

எலவனாசூர்கோட்டையில் ஏறிய ஊர்நலச் சங்கத்தார் இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“சர்வே மேப்புல நம்ம சுடுகாட்டையே காணோம்ண்ணா,” என்றார் இளையவர்.

“தரிசுன்னு போட்டு குப்பைக்கிடங்கு கட்டப் போறாங்க. அளக்க வந்தவர கூட்டிக்கினு போனது நீதான?”

“எம் பொண்டாட்டி முழுகாம இருந்தாண்ணா. சுடுகாட்டுல கால் வைக்கலாமா? அந்தாண்ட ஒண்ணும் இல்லீங்கன்னு திருப்பிக் கூட்டியாந்துட்டேன்.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எங்கப்பார அங்கதான் பொதச்சோம். அவரு மேலயா குப்ப கொட்டுவாங்க?”

“மனு குடுத்து, புது சர்வேயர நேர்லயே கூட்டிக்கினு போயி காட்டிடலாம்ண்ணா.”

அவர்கள் தாலுகா ஆபீசில் இறங்கியதும் கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார்: “அந்தப் புது சர்வேயர் நம்ம பஸ்லதான் வருவாரு. அடுத்த வாரம் அவரு பொண்டாட்டிக்கு வளைகாப்பு.”