ரெண்டு பேரும் உள்ளே

கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உதைபந்தாட்ட மைதானத்தில் கோட்டோரம் ஓடுவேன், ஐயா. டொக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க எனக்கு அலுப்பு. கையில் ஒரு கொடியைத் தந்து பந்தோடு ஓடு என்றால் எவ்வளவு தூரமும் ஓடுவேன். இந்த உதவி நடுவர் வேலையில் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை. நடுவில் விசிலோடு நிற்பவரைத்தான் சனம் பார்க்கும், ஏசும். ஓரத்தில் ஓடுகிறவனை ஒருவரும் கவனிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் ஓட வேண்டியவனே இல்லை. முதல்தரப் போட்டியில் எங்கள் ஊர் அணி ஆடும்போது எங்கள் ஊர்க்காரனைக் கொடி பிடிக்க விடமாட்டார்கள். குருநாகலில் இருந்து வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் அகப்படாமல், துறைமுகத்துக்குப் பக்கத்தில் போட் எஞ்சின் சாமான் விற்கும் இந்தக் கிறிஸ்தோபருக்கு அழைப்பு வந்தது. மறுத்திருக்கலாம். நடுவர் ஜெனிதா என்று சொன்னபடியால் மறுக்கவில்லை.

ஆண்களின் முதல்தர ஆட்டத்தில் விசில் ஊதும் பெண் என்றால் இங்கே பலருக்கு வேடிக்கை. எனக்கு அப்படியில்லை. மன்னார்ப் பிள்ளை, கெட்டிக்காரி. ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று கத்தினால் ஒரு அடியும் பின்னுக்குப் போகமாட்டார். குரலையும் உயர்த்தமாட்டார். "தள்ளி நிண்டு கதையுங்கோ" என்று கையை நீட்டுவார். தள்ளி நிற்பார்கள். அவரைப் பற்றி நல்லதைத் தவிர வேறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி சீலா பாரைமீன் குழம்பு வைத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ பிள்ளை?"

"இப்ப ஏலாது அக்கா. ஓட வேணும். மேட்ச் முடிய வந்து சட்டியோட சாப்பிடுறன்."

"உங்களுக்குப் பயமில்லையோ? அவ்வளவு ஆம்பிளையளுக்கு நடுவில?"

ஜெனிதா சிரித்தார். "பயம்தான் அக்கா. ஆனா நான் தனிய இல்லையே. கோட்டில அண்ணை நிக்கிறார்."

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. எங்களுக்குள் பகை ஏதும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் இரண்டு விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொடியின் பிடியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் நடுவரின் கையில் கட்டியிருக்கும் பட்டி அதிரும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். முதலில் பொத்தான், அடுத்த கணம் கொடி. கொடி மேலே போனால்தான் இது ஓரத்தில் நிற்பவன் சொன்னது என்று மைதானத்துக்கு விளங்கும்.

மற்றது அறைக் கதவு. கலவரம் என்றால் நாங்கள் உடை மாற்றும் அறைக்கு ஓட வேண்டும். கடைசி ஆள் உள்ளே வந்த பிறகுதான் தாழ்ப்பாள் போட வேண்டும். தாழ்ப்பாள் விழுந்திருந்தால் உள்ளே எல்லாரும் பத்திரம் என்று பொலிஸார் எடுத்துக்கொள்வார்கள். ஆட்டத்துக்கு முன் ஜெனிதாவே கொன்ஸ்டபிள் ஹஸ்மியைக் கூப்பிட்டு, எங்களையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். எங்கள் அணி அன்று வெல்லாவிட்டால் முதல்தரத்தில் இருந்து இறங்க வேண்டும். ஊரே வந்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பின்னால் சனம். அவர்கள் எனக்குத் தெரிந்த ஆட்கள். என் கடையில் கடன் சொல்லி எஞ்சின் புஷ் வாங்கிப் போகிறவர்கள். "கிறிஸ்தோபர் அண்ணை, இண்டைக்குக் கொடி தூக்கினா நாளைக்குக் கடை இருக்காது" என்று ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னான். அது பகிடி. சிறிது நேரம் கழித்து வேறொரு குரல், சிரிப்பில்லாமல், கிட்ட வந்து சொன்னது.

"மகள் டியூசன் முடிஞ்சு எந்த ஒழுங்கையால வாறவ எண்டும் தெரியும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதன் பிறகு பந்தைப் பார்ப்பதைவிட பின்னால் வரும் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் அணிக்காரன் ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு தனியே ஓடினான். பந்து உதைபடும்போது அவன் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றான். சுத்தமான ஓஃப்சைட். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. என் கட்டைவிரல் பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டது. கை மட்டும் மேலே போகவில்லை. போகச் சொன்னேன், போகவில்லை.

ஜெனிதா விசில் ஊதினார். பந்து அதற்குள் வலைக்குள் போயிருந்தது. சனம் எழும்பிக் கத்தி, பிறகு விளங்கி அடங்கியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கொடி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள்தானே அடிச்சது? பட்டி அதிர்ந்தது."

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி நன்றாக ஆட்டினேன். "நான் ஒண்டும் காட்டேல்லை" என்று உரத்துச் சொன்னேன்.

அவர் முகத்தில் பயத்தை அப்போதுதான் முதன்முதலில் கண்டேன். ஆனாலும் என்னைக் கைகாட்டவில்லை. ஓஃப்சைட் என்று கையைத் தூக்கிக்கொண்டு தனியே திரும்பிப் போனார். தீர்ப்பின் பொறுப்பு நடுவருடையது என்று விதியில் இருக்கிறது. அந்த விதியை நான் எழுதவில்லை.

கயிறு அறுந்தது. முன்னும் பின்னும் சனம் இறங்கியது. எதிர்ப்பக்கம் நின்ற மற்ற உதவி நடுவரையும் நாலாவது நடுவரையும் பொலிஸார் வாசலால் ஜீப்புக்குக் கொண்டுபோனார்கள். நான் அறைக்கு ஓடினேன். அந்த அறையின் கதவு அரங்குக்கும் மதிலுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சந்தைப் பார்த்திருக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். அது ஒரே தடவையில் விழவில்லை, திரும்பவும் அடித்து இறக்கினேன்.

சிறிது நேரத்தில் தட்டும் சத்தம்.

"அண்ணை, நான் ஜெனிதா. திறவுங்கோ."

திறக்கத்தான் நினைத்தேன். அவருக்குப் பின்னால் எத்தனை பேரோ என்று பயம். அப்போது மேலே அரங்கில் இருந்து கல் விழுந்த சத்தம் கேட்டது. அந்தக் கல்லை எறிந்தவனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். அது அவன் குற்றம். நான் அவர் மேல் ஒரு விரலும் வைக்கவில்லை.

பிறகு கண்ணீர்ப்புகை அடித்தார்கள். சனம் வீதிப் பக்கம் கலைந்தது. சந்துக்குள் ஒருவரும் வரவில்லை, ஐயா. அவர் மட்டும்தான் நின்றார். கதவின் அடிப்பக்கத்தில் தட்டத் தொடங்கியதில் இருந்து, அவர் விழுந்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. "அண்ணை, தலையில பட்டிட்டுது" என்று ஒரு தடவை சொன்னார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நீங்கள் காலையில் இருந்து கேட்கும் விஷயம் இதுதான். மைதானப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேலே இருந்த ஜன்னலடியில் ஹஸ்மி வந்தார்.

"மற்ற ரெண்டு பேரையும் ஜீப்பில ஏத்தியாச்சு. நீங்க ரெண்டு பேரும் உள்ளதானே?"

"ஓம், ரெண்டு பேரும் உள்ளதான்."

"காயம் ஏதும்?"

"இல்லை. பிள்ளை கொஞ்சம் பயந்திட்டா, அவ்வளவுதான்."

"அப்ப நான் வரும்வரைக்கும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாசல் பக்கம் ஓடினார்.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று முதலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அது பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். வெளியே இருக்கிறார் என்று சொன்னால் அவரைத் தூக்கி வந்து எனக்கு எதிரே கதிரையில் இருத்தியிருப்பார்கள். பொலிஸாரும் அணி ஆட்களும் நிற்கும்போது அவர் என்னைப் பார்த்து, பொத்தானை அமுக்கியது யார் என்று கேட்டிருப்பார். அந்தக் கோலைக் கெடுத்தவன் நான் என்று அன்று பின்னேரத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்திருக்கும். சனம் போன பிறகு எனக்கு வேறு ஒருவரிடமும் பயம் இருக்கவில்லை. கதவுக்கு வெளியே கிடந்த அந்தப் பிள்ளையிடம் மட்டும்தான் பயம். தட்டும் சத்தம் நிற்கட்டும் என்று கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தேன். நின்றபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் மைதானம் கூட்டுகிற றம்லா கண்டு கத்தியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டொக்டர் சொன்னதை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு அது முதலே தெரியும். றம்லாவுக்கு முன்னால் நான்தான் அவரைக் கண்டேன்.

ஹஸ்மி வருமுன் போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலுக்குக் குறுக்கே கிடந்தார். மூச்சு இருந்தது. கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்த்தது. உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்கவில்லை. சந்து ஒடுக்கம், சுற்றிப் போக இடமில்லை. தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும், ஐயா, என் கால் அவர் மேல் பட்டுவிடாமல் மிகவும் கவனமாகத்தான் தாண்டினேன். என்ன இருந்தாலும் அவர் நடுவர் அல்லவா.