ஆயில் மட்டும் மாத்துனேன்

பறக்கும் ரயிலில் தரமணியில் ஏறிய இரண்டு நண்பர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. இன்னொருவர் கார் மெக்கானிக் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

அட்டைக்காரர் டர்போ என்ஜினைப் புகழ்ந்துகொண்டே வந்தார். "மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும் மச்சி. விடிகாலைல ஈசிஆர் ரோடு காலியாத்தானே கீது? என் வண்டிக்கும் கம்ப்யூட்டர்ல பவர் ஏத்திக் குடேன்."

"இனிமே யாருக்கும் ஏத்த மாட்டேன்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"போன மாசம் அதே ஈசிஆர்ல ஒருத்தன் வேகமா ஓட்டி மோதிச் செத்தான்ல? அவன் வண்டிக்கு ஏத்துனது நான்தான்."

அட்டைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஓட்டுனதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"நானும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தேன். நேத்து அவன் அப்பா ஷெட்டுக்கு வந்துட்டாரு. என் பையன் வண்டில கடைசியா என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆயில் மட்டும் மாத்துனேன்னு சொல்லிட்டேன்."

ரயில் கோட்டூர்புரத்தில் நின்று கிளம்பியது.

"நம்பிட்டாரா?"

"நம்பிட்டாரு. 'உங்களைத் தவிர யாரையும் அவன் வண்டியைத் தொட விட்டதில்ல. இனிமே என் காரையும் நீங்களே பாத்துக்கோங்க'ன்னு சாவியைக் கையில குடுத்துட்டு, நடந்தே போய்ட்டாரு மச்சி."

"அவரு கார் இப்ப எங்க?"

"வண்டி ஷெட்டு வாசல்லயே நிக்குது. பானட்டைத் தொறக்கக் கை வரல."