பாதிக்குக் கீழே

சிக்கலான விஷயத்தை எளிமையாகச் சொல்வது ஒரு கலை, ஐயா. எனக்கு அது கைவந்த கலை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

காய்ச்சலோடு வருகிறவர்களில் யாரைச் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் ஒரு படம் கேட்டார்கள். பழைய நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒரே மாதிரி அறிகுறிகள் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு புள்ளி; அதில் இறந்தவர்கள் அதிகமென்றால் அந்த மாதிரி வருகிறவர்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று நெருங்கிய புள்ளிகளுக்கு நடுவே கோடுகள். ஆனால் மூச்சுத்திணறல் என்பது உண்டு, இல்லை என்று முடிகிற சமாச்சாரமா? கொஞ்சம், சுமார், நிறைய என்று ஆளுக்கு ஓர் அளவு. அத்தனை அளவுகளையும் அப்படியே விட்டதில் புள்ளிகள் பெருகி, படம் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, தலை எது வால் எதுன்னே தெரியல. ஒரு பார்வைல புரியணும்" என்றார்.

ஆகவே ஒரு விதி வைத்தேன். பாதிக்கு மேல் இருந்தால் உண்டு. பாதிக்குக் கீழே இருந்தால் இல்லை. படம் பளிச்சென்று ஆனது. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

ஒரு புள்ளி காணாமல் போனதை நான் அன்றே கவனித்தேன். அதில் இருந்தவர்களுக்கு எதுவுமே அதிகமில்லை. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் இரைப்பு, கொஞ்சம் உளறல். தனித்தனியே பார்த்தால் எல்லாம் பாதிக்குக் கீழே; ஆகவே எந்த அறிகுறியும் இல்லாதவர்களோடு கலந்துவிட்டார்கள். மூன்றும் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இறந்திருந்தார்கள்.

வார்டு சிஸ்டர் என் மேசைக்கே வந்தார். "சார், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறவங்கதான் திடீர்னு கவுந்துடறாங்க. உங்க படம் அவங்கள வீட்டுக்கு அனுப்பச் சொல்லுது."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. திருத்தினால் தவறு என்னுடையது என்று ஆகிவிடுமே. வீட்டுக்குப் போன யாரோ இறந்துவிட்டதாகக் காதில் விழும்போதெல்லாம் சாப்பாடு இறங்காது.

பிறகு என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அதிகமில்லை. மாடி ஏறினால் கொஞ்சம் இரைத்தது. காலையில் என்னைப் பார்த்து, "அண்ணா, எப்ப வந்தே?" என்றாள். சற்று நேரத்தில் தெளிந்து, "என்னமோ மாதிரி இருக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள்.

வண்டிச் சாவியை எடுத்தேன், ஐயா. ஆனால் அங்கே சிஸ்டர்தான் இருப்பார். என் படம் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிற ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நானே போய் நின்றால், படம் தப்பென்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். சாவியை மறுபடி மாட்டினேன்.

"ஒண்ணுமில்லம்மா, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அந்தக் கை சில்லிட்டுப்போனது.

யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிடவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தேன். அவளுக்காகத்தான் பயந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.