ஸ்டூல் படம்

இல்ல மேடம், அடி உதையெல்லாம் கிடையாது. குடியும் இல்ல. வேற பொம்பளையா? நீங்க வேற. எனக்கு ராத்திரி ஷிப்டு, பகல்ல தூக்கம். என் மூஞ்சிய நானே கண்ணாடியில பாத்து நாளாச்சு.

பிரியணும்னு மனு குடுத்தது நான்தான். கோர்ட்ல, முதல்ல கவுன்சிலர்கிட்ட, அதான் உங்ககிட்ட, பேசிட்டு வான்னாங்க, வந்துட்டேன். காரணம் சொல்லத்தான் அந்தக் கம்பெனிக் கதைய ஆரம்பிச்சேன், நீங்கதான் நடுவுல நிறுத்திட்டீங்க.

சின்ன மருந்துக்கடைங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர். எந்த மருந்து எங்க இருக்கு, எதுக்குத் தேதி முடியப்போவுது, எல்லாம் அதுவே சொல்லும். காலேஜ் பக்கம் போனதில்ல மேடம், முட்டி மோதி நானாக் கத்துக்கிட்டது. எழுதுறது என் வேலை. கடை கடையா ஏறி இறங்கி ஆள் பிடிக்கிறது பார்ட்னர் வேலை. எனக்குப் புது ஆளுங்ககிட்டப் பேச வராது, நாக்கு ஒட்டிக்கும். இப்ப மட்டும் வாய் ஓயலையேன்னா, அது பட்டதுக்கப்புறம் வந்தது.

ரொம்ப நாள் ஒரு கடையும் அமையல. நான் சோறு தண்ணி இறங்காமக் கிடந்தேன். அப்பத்தான் பார்ட்னர் வந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு அக்கா கடை வச்சிருக்காங்க, போட்டுப் பாக்குறேன்னுட்டாங்கன்னு சொன்னது. எனக்குக் கால் தரையில பாவல.

குறை இருந்தா எழுத அதுலயே ஒரு இடம் வச்சிருந்தேன். அக்கா எழுதுவாங்க. தம்பி, எழுத்து பொடிசா இருக்கு, கண்ணு தெரியல. பெருசு பண்ணேன். பேரு வச்சுத் தேட எனக்கு வராது தம்பி, தட்டு வச்சுத்தான் தேடுவேன். தினம் எடுக்கிறது கைக்கு எட்டுற தட்டுல, பிரிச்சது முன்னால, பிரிக்காதது பின்னால. எப்பவாவது எடுக்கிறது உச்சித் தட்டுல, மூணு கால் ஸ்டூல் போட்டு ஏறணும், அதுக்கொரு அடையாளம் வைங்கன்னாங்க. மொத்தத்தையும் பிரிச்சுப்போட்டு மறுபடி கட்டினேன். குட்டியா ஒரு ஸ்டூல் படம் வரைஞ்சு, மூணு காலும் தெரியுற மாதிரி வச்சேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். நல்லாருக்கு தம்பி, விட்டுடாதீங்கன்னு எழுதுனாங்க. அந்த ஒரு வரிய நம்பி, பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டேன்.

வரேன் மேடம், வீட்டுக்காரி விஷயத்துக்குத்தான் வரேன். அவ எங்க போயிடப்போறா, வெளிய பெஞ்சிலதானே உக்காந்திருக்கா.

கடைசியில நானே மனசத் திடப்படுத்திக்கிட்டு ஒரு பெரிய மருந்துக்கடைக்காரர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். மனுஷன் நாலு தட்டு தட்டிப் பாத்துட்டு, எல்லாம் சரி சார், இந்த ஸ்டூல் எதுக்கு, உக்காரவான்னு கேட்டார். மாத்திரை வாங்க வந்த கிழவர்கூட சிரிச்சிட்டார். எனக்கு ஆத்திரம். உனக்கென்னய்யா கடை நடத்தத் தெரியும், எங்க அக்காவக் கேளுன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன்.

கம்பெனி படுத்துடுச்சு. அக்காகிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடலாம்னு போனேன். ஆமா, அதுவரைக்கும் போனதே இல்ல. அப்படிப் பாக்காதீங்க மேடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால பூட்டுன ஷட்டர் ஒண்ணு, வண்டிக்கு சீட் கவர் தைக்கிறவர் கடை ஒண்ணு, அவ்வளவுதான். மருந்துக்கடை அக்காவா, இந்தத் தெருவுலயான்னு அவர் என்னை ஏற இறங்கப் பாக்குறார்.

வீட்டுக்கு வந்து, தண்ணி குடிக்கலாம்னு சமையல்கட்டுக்குப் போனேன். டம்ளரை எடுத்தவன் அப்படியே நின்னுட்டேன். கைக்கு எட்டுற தட்டுல சர்க்கரை, உப்பு. பிரிச்ச பாக்கெட் முன்னால, பிரிக்காதது பின்னால. உச்சித் தட்டுல விருந்தாளி வந்தா எடுக்கிற பீங்கான். கீழ ஸ்டூல். மூணு கால்.

பார்ட்னர் யாரா? அட, அவதான் மேடம், வெளிய உக்காந்திருக்காளே. கம்பெனி ஆரம்பிச்சதுலேருந்து விளையாட்டா அப்படித்தான் கூப்பிடுவேன். கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்னவளுக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்? தனக்குத் தெரிஞ்ச அலமாரிய அக்கா பேர்ல எழுதிட்டா. எல்லாக் கடையிலயும் வேணாம்னுட்டாங்க, உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரலன்னா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. அழுதாளா என்னன்னுகூட எனக்குத் தெரியல.

இப்ப பழைய ஷிப்டுக்கே போறேன். பகல்ல ரெண்டாவதா ஒண்ணு எழுதுறேன். இந்தத் தடவை நானே கடையில ஓரமா உக்காந்து, யார் கை எங்க போவுதுன்னு பாத்துட்டுத்தான் ஒரு வரி எழுதுறது. நல்லாருக்குன்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு வந்துடுவேன். மறுநாள் சொல்லாமப் போய், கம்ப்யூட்டர்ல நிஜமாவே அதத் திறந்து வச்சிருக்காங்களான்னு பாப்பேன். அந்தப் படிப்பு மட்டும் வந்துடுச்சு.

உங்ககிட்ட அவ என்ன சொல்லியிருப்பான்னு தெரியும். எங்கிட்டயும் அதேதான். உங்ககூட நான் நல்லாத்தான் இருக்கேன், விட்டுடாதீங்கங்கிறா. அக்கா எழுதுன அதே வார்த்தை மேடம். இத நான் எந்தக் கடையில போய் உக்காந்து பாக்குறது, சொல்லுங்க.