ஒயர்மேன் சீட்டுக்கு ஒரு ட்ரங்க் கால்

(1987 செப்டம்பர், ஒரு சமூகத்தினர் தனி இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய சாலை மறியல் வாரம். சங்கராபுரத்தில் ஒரு மண்டியின் தொலைபேசி. மறுமுனையில், தொலைவில் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் எழுத்தர்.)

ஹலோ... ஹலோ, ஐ.டி.ஐ ஆபீஸா? ...அப்பாடா! காலைல புக் பண்ண ட்ரங்க் கால் சார், இப்பதான் கெடைக்கிது. வெச்சிடாதீங்க... ஆமா, ஆமா, சங்கராபுரம். எம் பேரு சிவசங்கர், இங்க மண்டியில வேல செய்யறேன்...

இல்ல சார், சீட்டு எனுக்கில்ல. சாமியம்மாள்னு ஒரு பொண்ணு. ராமன் மவ, கல்வராயன்மல. ஒயர்மேன் ட்ரேடு. இன்னிக்கு இன்டர்வியூ... பாருங்க சார் லிஸ்ட்ல... ஆங், அதேதான்! அதேதான் சார்!

...ஆப்சென்ட்டா? அய்யய்யோ, போட்றாதீங்க! பொண்ணு இங்க எம் பக்கத்துலதான் நிக்கிது. விடியறதுக்கு முன்ன கெளம்பி நடந்தே வந்திருக்குது சார், அவங்கப்பாவும் கூட. காலு ரெண்டும் வீங்கி... ஆமா... ஆமா... பஸ்ஸு எங்க சார் ஓடுது?

...லெட்டர் போட்டீங்க சார், நான் இல்லன்னு சொல்லல. மலையில தபாலு வூட்டுக்கு வராது. வாரச்சந்தையில பேரு சொல்லி கூப்புட்டுக் குடுப்பாங்க... நெசமா சார். கடக்காரரு ஒருத்தரு வாங்கி வெச்சிருப்பாரு. இந்த வாரம் மறியலா, வண்டி மேல ஏறல, சந்தையே கூடல. லெட்டரு கடையிலயே கெடந்துச்சி. நேத்து உப்பு வாங்கப் போன ஆளு பாத்து, எடுத்தாந்து குடுத்துதான் தெரியும்...

சிரிக்காதீங்க சார்... மலைக்கே கரண்டு இல்ல, பொம்பள ஒயர்மேன் எதுக்குன்றீங்களா? ரெண்டு மூணு ஊருக்கு கம்பம் நட்டுட்டாங்க சார்! மழ பேஞ்சா போச்சி, கீழருந்து ஆளு வர பத்து நாளு ஆவுது. இது எட்டாவது பாஸ் சார். கடுக்கா மூட்ட போட வந்தப்போ எங்க மண்டியில லைட்டு எரியலன்னு சுச்சு போர்ட பிரிச்சிட்டு, எது இன்னான்னு என்னாண்ட கேக்குது. எனுக்கு இன்னா தெரியும்? மண்டி ஓனரு, எங்க மாமா, வந்து கத்து கத்துன்னு கத்தினாரு. ஆனா லைட்டு எரிஞ்சிது சார்! அன்னிக்கே மனு வாங்கியாந்து நான்தான் பூர்த்தி பண்ணேன்...

சரி... சரி சார்... அஞ்சு மணிக்குள்ளவா? இப்பவே ரெண்டரை... நேர்ல வந்து கையெழுத்து... சார், சைக்கிள்ள டபுள்ஸ் மிதிச்சா கூட முடியாது சார். ஊர தாண்டனதும் ரோட்டுக்கு குறுக்க புளியமரம் கெடக்குது. அதுக்கு அந்தாண்ட வேப்பமரம். அப்பால எத்தினியோ...

ஆபரேட்டரம்மா! எக்ஸ்டென்ட் பண்ணுங்க! இன்னும் மூணு நிமிஷம்... ஆமாம்மா, பேசிக்கினுதான் இருக்கோம்!

ஹலோ... இன்னா சார்? ...யாரு வெட்டினதா?

...எங்க ஆளுங்கதான்.

...ஆமா. நானும்தான் சார். ரம்பத்துல ஒரு பக்கம் நான் புடிச்சேன்... எதுக்கா? எங்க பசங்களுக்கு படிக்க சீட்டு இல்ல, வேல இல்ல, அதுக்குதான். எங்க வூட்லயே ஒருத்தனும் பத்தாவது தாண்டல சார். அது ஒண்ணும் தப்பில்ல... ஆமா... ஆமா சார், மனுவும் நான்தான் எழுதனேன், மரமும் நான்தான் அறுத்தேன். இன்டர்வியூ தேதி எனுக்கெப்பிடி சார் தெரியும்? மரத்துக்கு இந்தாண்ட இந்தப் பொண்ணு மாட்டிக்கும்னு... நெனைக்கல சார். சத்தியமா நெனைக்கல.

...இன்னா சாமியம்மா பாக்கற? அப்பறம் சொல்றேன். எல்லாம் சொல்றேன், இரு.

சார், நாளிக்கி எடுத்துக்கங்க சார்... அஞ்சு மணிக்கு லிஸ்ட மூடச் சொல்லி பிரின்சிபாலு கையெழுத்து போட்டுட்டாரா? ...அடுத்த வருசமா? அடுத்த வருசம் ஏது சார் அதுக்கு? தையில கல்யாணம் பேசி வெச்சிருக்காங்க. சீட்டு கெடைச்சா நிறுத்திட்றேன்னு அவங்கப்பா சொல்லிகினேதான் மல எறங்கி வந்தாரு... தெரியும் சார், ரூல்ஸுல கல்யாணம்லாம் இல்ல...

எது? அஞ்சு அடிச்சா வேற ஆளுக்கா? யாருக்கு சார்? ...மலைவாசி சீட்ட எப்பிடி சார்... ஆளு வரலன்னா பொதுவுல சேத்துடுவீங்களா... நாலு நாளு முன்னயே வந்து சொந்தக்காரங்க வூட்ல தங்கிகினானா... எந்த ஊரு? ...எலவனாசூர்கோட்டையா.

...எங்க ஆளா?

...ஆமா சார். ஆமா. நல்லா படிக்கட்டும். அவனும் கஷ்டப்பட்ட பையனாதான் இருப்பான்... சந்தோசமான்னா இன்னா சார் சொல்றது? இதுக்குதான ரோட்ல எறங்கனோம்... ஒரே ஒரு வார்த்த சார், பிரின்சிபாலாண்ட ஒரு தடவ... வேற எந்த ட்ரேடா இருந்தாலும்... சார்? ...ஹலோ? ஹலோ! ஆபரேட்டர்!

...வெச்சிட்டாரு. லைனே செத்துப்போச்சி.

...

ஆங், சார்... கேக்குது சார், சொல்லுங்க... இல்ல சாமியம்மா, வெக்கல, இன்னும் பேசிக்கினுதான் இருக்காரு. நீ போயி உங்கப்பாவ அந்த மூட்ட மேல ஒக்காரச் சொல்லு... ஆமா சார்... சரிங்க சார்... ஆமா... ஆமா...