உறைய வைத்த மருந்து

நான் பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்கிறேன். என் பெயர் இத்துடன் கொடுத்துள்ள பள்ளி அடையாள அட்டையில் இருக்கிறது. வீட்டில் புத்தகப்புழு என்று கூப்பிடுவார்கள். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள மருத்துவர் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். அம்மா உடனிருக்கக் கூடாது என்பதால் என் வகுப்பாசிரியை பக்கத்தில் இருக்கிறார். ஆய்வு மருந்தை அம்மாவே எடுத்துத் தன் தங்கைக்குக் கொடுத்தார் என்று புகார் வந்திருப்பதாகவும், அது உண்மையானால் ஆய்வும் நின்று அம்மாவின் வேலையும் போகும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. அம்மா கொடுக்கவில்லை.

அம்மா காலையில் புற்றுநோய் வார்டில் மருத்துவர். பிற்பகலில் ஆய்வகத்தில் புது மருந்து செய்கிறார். அது கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துகள். உள்ளே மருந்து, வெளியே கொக்கி. கொக்கி மாட்டுவதற்கு ஏற்ற புரதம் எந்தப் புற்றணுவின் மேல் இருக்கிறதோ அதைத்தான் தேடிப் பிடிக்கும். சித்தியின் கட்டியைச் சோதித்தபோது அந்தப் புரதம் இல்லை. அதனால் ஆய்வில் சேர்க்க முடியாது என்று அம்மா சொன்னார். அதற்குச் சித்தப்பா, "போறவன் வர்றவனுக்கெல்லாம் மருந்து. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் கைய விரிக்கிறீங்களே, அண்ணி" என்றார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஆய்வகத்தின் முன்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மாவை வார்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஆய்வக உதவியாளர் டீ குடிக்கப் போனார். அதன் பிறகு சித்தப்பா வந்து, அம்மா இல்லை என்று தெரிந்ததும் உள்ளே காத்திருப்பதாகச் சொல்லிப் போய், உடனே திரும்பி வந்தார். "தலைய நிமித்தாத புழு, எழுத்தெல்லாம் எந்திரிச்சு ஓடிடும்" என்று சிரித்தார். நான் நிமிர்ந்தேன். அவருடைய சட்டைப்பையில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. வெளியே மழை இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அம்மா வந்ததும் இதைச் சொன்னேன். அவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். மருந்துக் குப்பிகள் வைக்கும் தட்டில் ஒரு குழி காலி. சித்தப்பா ஃபோனை எடுக்கவில்லை. அதன் பிறகு ஆட்டோவில் போனோம். அம்மா கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்" என்றதற்கு ஓட்டுநர், "செவப்பு விழுந்திருக்கும்மா, மேல பறந்தா போக முடியும்?" என்றார்.

சித்தி வீட்டில் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி வைத்துவிட்டு, சித்தியின் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலிலிருந்தே "போடாதீங்க" என்று கத்தினார். டாக்டர்தான் கொடுத்தனுப்பியதாகச் சார் சொன்னார் என்று நர்ஸ் பதறினார்.

"இதை எங்க வச்சிருந்தீங்க, தம்பி?" என்று அம்மா பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடம் கேட்டார்.

"ஃப்ரீசர்ல. நர்ஸ் வர லேட்டாச்சு. கெட்டுடக் கூடாதில்ல?"

"கல்லாயிடுச்சா?"

"ஆமா. இப்பதான் உள்ளங்கையில வச்சு உருக்குனோம்."

அம்மா ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல மருந்து தண்ணீர் கலந்த பால்போல் இருக்கும். இதில் திரிந்ததுபோல் மணிமணியாக ஒட்டியிருந்தது. உறைந்தால் துகள்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரத்தத்தில் போனால் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னார். சித்தப்பா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

சித்தி நீட்டிய கையை மடக்கவில்லை. "அப்ப நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாயேன்க்கா."

"அது உனக்கு ஒண்ணும் பண்ணாதுடி. மாட்டுறதுக்கு உன்கிட்ட எடமே இல்ல."

"சும்மாவாவது போடேன்."

"மாட்டேன். திங்கக்கிழமை வழக்கமான மருந்தை ஆரம்பிக்கிறோம்."

"முடி கொட்டுற மருந்து எனக்கு. உன் சமத்து மருந்து மத்தவங்களுக்கு."

 அம்மா ஊசியை என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினார். மறுநாள் அவரே அதைக் கொண்டுபோய் ஆய்வுத் தலைவரிடம் கொடுத்தார். மருந்து அம்மா கையிலிருந்து வந்ததால்தான் அவர்மேல் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். அன்று காலை சித்தி வீட்டு மாடிப்படியில் சித்தப்பா என்னிடம், "கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். பார்த்ததைச் சொல்வேன் என்றேன். "சொல்லு. உங்கம்மா மேல பழி வேணாம்" என்று சொல்லி, முறுக்கிக்கொண்டிருந்த என் பைவாரை நேராக்கிவிட்டார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதை விசாரணை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் பயமுறுத்தியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன், விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நர்ஸ் போன பிறகு சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா கட்டிலின் ஓரத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தார். சித்தி திரும்பாமலே, "செருப்பக் கழட்டு" என்று சொல்லிவிட்டு, சுவரோடு நகர்ந்து இடம் விட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் படுத்தார். அதன் பிறகு விளக்குகள் அணைக்கப்பட்டன.